சர்வே அட்டவணையில் எதை நகர்த்துவது, எதைத் தொடாமல் விடுவது

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஒரு சர்வேயின் கிராஸ்டேப் அட்டவணை, அதாவது பதில்களை வயது, பாலினம் போன்ற பிரிவுகளோடு குறுக்கிட்டுக் காட்டும் அட்டவணை, கையில் இருக்கிறது. குறுக்கே ஓடும் நிரைகள் முப்பதுக்கு மேல், கீழே இறங்கும் நிரல்கள் இருபதுக்கு மேல். நிரைகளில் நெட் (தொடர்புள்ள சில பதில்களில் ஒன்றையாவது சொன்னவர்களின் மொத்தம்) இருக்கிறது, அதற்குள் தனிப் பதில்கள் இருக்கின்றன, நடுவில் சராசரி, அடியில் ‘மற்றவை’, ‘தெரியாது’. நிரல்களில் மொத்தம், பாலினம், வயது, பகுதி. பெரிய எண் மேலே வரட்டும் என்று வரிசைப்படுத்தினால் எல்லாம் கலைந்துபோகிறது. வந்தது வந்தபடி விட்டால் ஒன்றும் கண்ணில் படுவதில்லை. என்ன செய்வது?

வரிசைப்படுத்தும் பொத்தானைத் தொடுவதற்கு முன்பே, எவையெல்லாம் நகரக்கூடாது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அதைச் செய்துவிட்டால் மீதி வேலை சிறியது. அதைச் செய்யாமல் எந்த மென்பொருளைப் பிடித்தாலும் அட்டவணை கலையத்தான் செய்யும். ஏனென்றால் எது பதில், எது கூட்டுத்தொகை, எது அளவுகோலின் ஒரு படி என்பதெல்லாம் மென்பொருளுக்குத் தெரியாது. அதற்கு எல்லாமே எண்கள்தான்.

நகரக்கூடாதவற்றை முதலில் பார்ப்போம். பேஸ், அதாவது எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்ற நிரை, எப்போதும் மேலே. எடையிட்ட பேஸும் (மக்கள்தொகை விகிதத்துக்கு ஒத்துவரும்படி சரிசெய்த எண்ணிக்கை) எடையிடாத பேஸும் இருந்தால் இரண்டும் அங்கேயே அடுத்தடுத்து நிற்கட்டும். சராசரி, இடைநிலை அளவு, திட்டவிலக்கம் போன்றவை கீழே தனியாக நிற்க வேண்டும். சதவீதங்களுக்கு நடுவே 3.8 என்ற சராசரி போய் உட்கார்ந்தால், வாசிப்பவர் அதை 3.8 சதவீதம் என்றே எடுத்துக்கொள்வார். ‘மற்றவை’, ‘எதுவுமில்லை’, ‘தெரியாது’, ‘சொல்ல விரும்பவில்லை’ ஆகிய நான்கும் எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் அடியில்தான். இதற்கு விதிவிலக்கே வேண்டாம்: ‘தெரியாது’ என்பதே அந்தக் கேள்வியின் முக்கியச் செய்தியாக இருந்தால், உதாரணமாக ஒரு திட்டத்தைப் பற்றிக் கேட்டதில் பாதிப் பேர் தெரியாது என்று சொல்லியிருந்தால், அதை மேலே ஏற்றாமல் எழுத்தில் எடுத்துச் சொல்லுங்கள். அட்டவணையில் அதன் இடம் மாற வேண்டியதில்லை.

அடுத்து, தனக்கென்று ஓர் ஒழுங்கு உள்ளவை. வயதுப் பிரிவு, வருமானப் பிரிவு, கல்வி நிலை, ‘முழுதும் உடன்படுகிறேன்’ முதல் ‘முழுதும் மறுக்கிறேன்’ வரையான அளவுகோல், மாதங்கள், ஆண்டுகள். இவற்றை எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்தவே கூடாது. 25–34 வயதினர் முதலில், 55-க்கு மேற்பட்டோர் அடுத்து, 18–24 கடைசியில் என்று வந்தால் வயது கூடக்கூட என்ன ஆகிறது என்ற கேள்விக்கே அட்டவணையில் பதில் கிடைக்காது. ஏறி இறங்கும் போக்கு தெரிய வேண்டுமானால் வயது வயதாகவே வரிசையில் நிற்க வேண்டும்.

ஆக, வரிசைப்படுத்த உரியவை பெயரைத் தவிர வேறு ஒழுங்கு இல்லாதவை மட்டுமே: பிராண்டுகள், காரணங்கள், குறைகள், பகுதிகள், பயன்பாடுகள், பண்புகள். இவை வினாத்தாளில் எந்த வரிசையில் அச்சாகியிருந்தனவோ அதே வரிசையில்தான் பெரும்பாலான அட்டவணைகளில் வந்து நிற்கின்றன. அது வினாத்தாளைத் தயாரித்தவரின் வசதிக்கான வரிசை. அகரவரிசையும் அப்படித்தான். ஒரு பெயரைத் தேடிப்பிடிக்க அகரவரிசை உதவும், எண்களைப் புரிந்துகொள்ள உதவாது. ஏரன்பர்க் என்ற புள்ளியியலாளர் 1977-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் வலியுறுத்தினார்: நிரைகளையும் நிரல்களையும் ஏதாவது ஓர் அளவின்படி பெரியது சிறியது என்று அடுக்குங்கள், எண்களை இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்குங்கள், ஓரத்தில் சராசரியைக் காட்டுங்கள், ஒப்பிட வேண்டிய எண்களைப் பக்கவாட்டில் வைக்காமல் மேல்கீழாக வையுங்கள். இன்றைக்கும் இந்த நான்கையும் மட்டும் செய்தாலே பாதி அட்டவணைகள் தாமாகப் பேச ஆரம்பித்துவிடும்.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருவோம்: நெட். ஒரு சேவையை ஏன் நிறுத்தினீர்கள் என்ற கேள்வி, ஒருவர் பல காரணங்கள் சொல்லலாம் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ‘விலை தொடர்பானவை’ என்ற நெட் 38 சதவீதம். அதற்குள் கட்டணம் அதிகம் 27, மறைமுகக் கட்டணம் 16, சலுகை இல்லை 5. ‘சேவை தொடர்பானவை’ என்ற நெட் 44. அதற்குள் தாமதம் 24, புகாருக்குப் பதில் இல்லை 21, ஊழியர் நடத்தை 9.

இதைக் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவரிசையில் அடுக்கினால் 44, 38, 27, 24, 21, 16, 9, 5 என்று வரும். சேவை நெட்டுக்குக் கீழே விலை நெட், அதற்கடியில் கட்டணம், அதற்கடியில் தாமதம். எது எதன் பகுதி என்பது போய்விட்டது. செய்ய வேண்டியது இரண்டு தளங்களில் வரிசைப்படுத்துவது. முதலில் நெட்டுகளைத் தங்களுக்குள் ஒப்பிட்டு அடுக்குங்கள்: சேவை 44, பிறகு விலை 38. பிறகு ஒவ்வொரு நெட்டுக்குள்ளும் அதன் பிள்ளைகளை அடுக்குங்கள். கட்டணம் அதிகம் என்பது 27 பெற்று எல்லாத் தனிக் காரணங்களிலும் பெரியதாக இருந்தாலும், அது இரண்டாம் கூட்டத்தில்தான் வரும். எந்தத் தனிக் காரணம் முதலிடம் என்று கேட்பவருக்கு நெட் இல்லாத இன்னொரு சிறு பட்டியல் கொடுத்துவிடுங்கள். ஒரே அட்டவணையில் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல முயல்வதுதான் குழப்பத்தின் வேர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விலைக் கூட்டத்தின் உள்ளே இருப்பவற்றைக் கூட்டினால் 48 வருகிறது, நெட்டோ 38. இது பிழையல்ல. இரண்டு விலைக் காரணங்கள் சொன்னவரை நெட்டில் ஒருமுறைதான் எண்ணுகிறோம். அதனால் எக்செலின் பிவட் டேபிளில் (தரவைத் தானாகத் தொகுத்துக் கூட்டித் தரும் வசதி) கூட்டங்களாகப் பிரித்து, அது தரும் உட்கூட்டுத்தொகையின்படி வரிசைப்படுத்தினால் தவறான எண்ணின்படி வரிசை அமையும். பிவட் 48 என்றும் 54 என்றும் எடுத்துக்கொள்ளும். இந்த உதாரணத்தில் வரிசை மாறவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தில் பத்துச் சிறிய காரணங்களும் இன்னொன்றில் இரண்டு பெரிய காரணங்களும் இருந்தால் மாறிவிடக்கூடும். நெட் என்பதைப் பதிலாளர் வாரியாக, மூலத் தரவிலிருந்தே கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எக்செலில் இதைச் செய்ய நான் பரிந்துரைப்பது துணை நிரல்கள். அட்டவணையின் வலப்பக்கம் ஐந்து நிரல்கள் சேருங்கள். முதலாவது ‘இடம்’: மேலே நிற்க வேண்டியவற்றுக்கு 1, நகரலாம் என்பவற்றுக்கு 2, அடியில் நிற்க வேண்டியவற்றுக்கு 3. இரண்டாவது ‘நெட்டின் மதிப்பு’: நெட் நிரைக்கும் அதன் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த நெட்டின் எண்ணையே எழுதுங்கள். எந்த நெட்டிலும் சேராத தனிப் பதிலுக்கு அதன் சொந்த எண்ணே நெட் மதிப்பு. மூன்றாவது ‘நெட்டின் அடையாள எண்’: இரண்டு நெட்டுகள் தற்செயலாக ஒரே மதிப்பு பெற்றால் பிள்ளைகள் கலந்துவிடாமல் இருக்க இது. நான்காவது ‘தளம்’: நெட்டுக்கு 0, பிள்ளைக்கு 1. ஐந்தாவது ‘மூல வரிசை எண்’: 1, 2, 3 என்று வினாத்தாள் வரிசை. பிறகு வரிசைப்படுத்தும் பெட்டியில் இந்த ஒழுங்கில் நிலைகளைச் சேருங்கள்: இடம் ஏறுவரிசை, நெட்டின் மதிப்பு இறங்குவரிசை, அடையாள எண் ஏறுவரிசை, தளம் ஏறுவரிசை, மொத்த நிரலின் சதவீதம் இறங்குவரிசை, கடைசியில் மூல வரிசை எண். மேலேயும் அடியிலும் நிற்கும் நிரைகளுக்கு நடுவில் உள்ள நிலைகளில் எல்லாம் ஒரே எண்ணைப் போட்டுவிட்டு, சதவீத நிலையையும் அந்த எண்ணைத் தாங்கும் ஒரு தனித் துணை நிரலாக வைத்துக்கொண்டால், அவை தங்களுக்குள் மூல வரிசையிலேயே நிற்கும்.

மூல வரிசை எண்ணை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். சேமித்து மூடிய கோப்பை மறுநாள் திறந்தால், பழைய வரிசைக்குத் திரும்ப அந்த ஒரு நிரல்தான் வழி.

இன்னும் மூன்று எக்செல் தொல்லைகள். இணைத்த கட்டங்கள் இருந்தால், அவை எல்லாம் ஒரே அளவில் இல்லாதவரை எக்செல் வரிசைப்படுத்த மறுத்துவிடும்; முதலில் இணைப்பை நீக்கி, நெட் பெயரை ஒவ்வொரு நிரையிலும் நிரப்புங்கள். இரண்டாவது, கட்டங்களில் வேறு நிரையைச் சுட்டும் சூத்திரம் இருந்தால் நிரை நகர்ந்ததும் சூத்திரம் வேறெங்கோ சுட்டத் தொடங்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, எண் மட்டும் மாறியிருக்கும். சூத்திரங்களை மதிப்புகளாக ஒட்டிவிட்டு வரிசைப்படுத்துவது பாதுகாப்பு. மூன்றாவது, எண்கள் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருந்தால் 9-ஐ விட 10 முன்னால் போய் நிற்கும். சதவீதக் குறியோடு வேறு மென்பொருளிலிருந்து ஒட்டிய அட்டவணைகளில் இது அடிக்கடி நடக்கிறது. நிரல்களை வரிசைப்படுத்த அதே பெட்டியில் விருப்பங்களுக்குள் போய் இடமிருந்து வலம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய பதிப்புகளில் சார்ட்பை என்ற செயற்கூறு மூல அட்டவணையைத் தொடாமல் பக்கத்தில் வரிசைப்படுத்திய பிரதியைத் தரும். எனக்கு அதுதான் பிடித்த வழி.

பைதான் மொழியில் பாண்டாஸ் என்ற தரவுத் தொகுப்பை வைத்துச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரே நிரலின்படி வரிசைப்படுத்தும்போது அதன் இயல்பான முறை, சம மதிப்புள்ள நிரைகளின் பழைய ஒழுங்கைக் காக்கும் என்று உத்தரவாதம் தருவதில்லை. நிலையான முறை வேண்டும் என்று நீங்கள்தான் குறிப்பிட வேண்டும். ஆர் மொழியின் ஆர்டர் செயற்கூறு சமமானவற்றைப் பழைய ஒழுங்கிலேயே விட்டுவிடும். சம மதிப்பு என்பது சர்வே அட்டவணையில் அரிதல்ல. முழுமையாக்கிய எண்களில் 21, 21, 21 என்று மூன்று நிரைகள் சாதாரணமாக வரும். அதனால் வரிசைப்படுத்துவது தசமத்தோடு உள்ள மூல எண்ணின்படி, காட்டுவது முழுமையாக்கிய எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையிட்ட சர்வேயானால் எடையிட்ட சதவீதத்தின்படிதான் வரிசை. எடையிடாத எண்ணிக்கையின்படி அடுக்கிவிட்டு எடையிட்ட சதவீதத்தைக் காட்டினால் வரிசை ஆங்காங்கே தப்பாகத் தெரியும். படிப்பவர் அட்டவணையையே நம்பமாட்டார்.

எந்த நிரலின்படி அடுக்குவது? பெரும்பாலும் மொத்தத்தின்படி. காரணம், அதில்தான் பேஸ் பெரியது. 40 பேர் மட்டும் உள்ள ஒரு துணைக்குழுவின் நிரலின்படி அடுக்குகிறீர்கள் என்று வையுங்கள். 40 சதவீதம் என்று காட்டும் ஒரு எண்ணுக்கு அங்கே பிழை வரம்பு இரு பக்கமும் சுமார் 15 புள்ளிகள். இருபது நிரைகளில் எதற்கு அதிர்ஷ்டம் அடித்ததோ அது மேலே வந்து நிற்கும், நாம் அதைக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொள்வோம். அறிக்கை முழுக்க இளைஞர்களைப் பற்றியது என்றால் இளைஞர் நிரலின்படி அடுக்குவது நியாயம்தான். ஆனால் அந்த நிரலுக்குப் போதுமான ஆட்கள் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு நிரலையும் தனித்தனியாக இறக்கி அடுக்கி, ஆண்களுக்கு ஒரு பட்டியல், பெண்களுக்கு ஒரு பட்டியல் என்று பக்கத்தில் பக்கத்தில் வைப்பவர்களும் உண்டு. முதல் ஐந்து இடங்களைக் காட்ட அது போதும். ஆனால் அது பட்டியல்தான், அட்டவணை அல்ல. ஒரே நிரையில் குறுக்கே பார்த்து ஒப்பிடும் வசதி அதில் இல்லை.

மொத்தத்தின்படி அடுக்கினாலும் அந்த வரிசையை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க வேண்டும். மேலே சொன்ன உதாரணத்தில் கட்டணம் 27, தாமதம் 24. மாதிரி 800 பேர், இரண்டையும் சொன்னவர்கள் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இந்த வித்தியாசத்துக்கான 95 சதவீதப் பிழை வரம்பு சுமார் 4.3 புள்ளிகள். வித்தியாசமோ 3. ஆக ‘முதலிடம் கட்டணம், இரண்டாமிடம் தாமதம்’ என்று எழுதுவதற்கு ஆதாரம் போதாது. எடையிட்ட தரவில் வரம்பு பொதுவாக இன்னும் கூடும். அட்டவணையில் 27 மேலே நிற்கட்டும், அதில் தவறில்லை. இட எண்ணை மட்டும் போடாதீர்கள். 1, 2, 3 என்று எண் போட்டதுமே சிறு வித்தியாசம் பெரிய வித்தியாசமாகிவிடுகிறது. இடைவெளி உண்மையாகவே பெரிதாக இருக்கும் இடத்தில், உதாரணமாக 21-க்கும் 9-க்கும் நடுவில், ஒரு மெல்லிய கோடு போட்டுவிட்டால் அது இட எண்ணைவிட நேர்மையான தகவல்.

வினாத்தாள் வரிசையையும் ஒருமுறை சரிபாருங்கள். நீண்ட பட்டியலைக் கண்ணால் படித்துத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் உள்ளவை கூடுதலாகத் தேர்வாகும். காதால் கேட்டுப் பதில் சொல்லும்போது கடைசியில் கேட்டவை கூடுதலாக வரும். குரோஸ்னிக், ஆல்வின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1987-இல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். விடைகளின் வரிசையை ஆளுக்கு ஆள் சுழற்றாமல் எடுத்த சர்வேயில், நீங்கள் அடுக்கிய வரிசை மூல வரிசையை ஏறக்குறைய ஒத்திருந்தால் சந்தேகப்படுங்கள். மக்கள் சொன்னதை அடுக்கினீர்களா, வினாத்தாள் சொன்னதை அடுக்கினீர்களா என்று பார்க்க அந்த மூல வரிசை எண் மறுபடியும் கைகொடுக்கும்.

இனி நிரல்கள். பேனரில், அதாவது மேலே குறுக்கே ஓடும் நிரல் தலைப்புகளில், மொத்தம் முதலில், அது அசையாது. பாலினம், வயது, பகுதி என்ற கூட்டங்கள் கூட்டங்களாகவே நிற்க வேண்டும். ஒரு கூட்டத்திலிருந்து ஒரு நிரலை உருவி இன்னொரு கூட்டத்துக்கு நடுவே வைக்கக்கூடாது. வரிசைப்படுத்துவதற்கு இடம் இருப்பது பகுதி, பிராண்டு, தொழில் போன்ற ஒழுங்கில்லாத கூட்டங்களுக்குள் மட்டுமே. அதையும் ஒரு கேள்விக்கு ஒரு மாதிரி மாற்றாதீர்கள். நூறு அட்டவணைகள் உள்ள தொகுப்பில் எல்லாப் பக்கத்திலும் ஒரே நிரல் ஒரே இடத்தில் இருந்தால்தான் படிப்பவரின் கண் பழகும். நிரல் வரிசை தொகுப்பு முழுமைக்கும் ஒன்று. நிரை வரிசை கேள்விக்குக் கேள்வி மாறலாம். ஆனால் ஒரே பிராண்டுப் பட்டியல் பத்துக் கேள்விகளில் வருமானால், ஒரு முக்கியக் கேள்வியில் கிடைத்த வரிசையைப் பத்திலும் வைத்துக்கொள்வது நல்லது. அலை அலையாக எடுக்கும் தொடர் சர்வேயிலும் இதே விதி: ஒருமுறை வரிசையைத் தீர்மானித்துப் பூட்டிவிடுங்கள். ஒவ்வொரு அலையிலும் புதிதாக அடுக்கினால் எது ஏறியது எது இறங்கியது என்று தேடுவதிலேயே நேரம் போகும்.

அளவுகோல் கேள்விகளின் தொகுப்பில், அதாவது பத்து வாக்கியங்களுக்கும் ஐந்து படி உடன்பாடு கேட்ட அட்டவணையில், நிரல்கள் அளவுகோலின் படிகள், ஆகவே அசையாது. நிரைகளான வாக்கியங்களை அடுக்கலாம். எதன்படி? முதல் இரண்டு படிகளின் கூட்டுத்தொகை என்பார்கள். ஒரு வாக்கியத்துக்கு உடன்படுவோர் 45, மறுப்போர் 40. இன்னொன்றுக்கு உடன்படுவோர் 40, மறுப்போர் 5, மீதிப் பேர் நடுவில். முதல் இரண்டு படிகளின்படி முதல் வாக்கியம் மேலே. உடன்பாட்டிலிருந்து மறுப்பைக் கழித்தால் +5, +35, இரண்டாவது மேலே. இரண்டும் சரியான வரிசைதான், ஆனால் வெவ்வேறு கேள்விக்கு. முதலாவது ஆதரவு எவ்வளவு என்பதற்கு, இரண்டாவது எதிர்ப்பைத் தாண்டி எவ்வளவு மிஞ்சுகிறது என்பதற்கு. எந்த அளவின்படி அடுக்கினீர்களோ அதை அட்டவணைக்குக் கீழே ஒரு வரியில் எழுதுங்கள்.

நிரை, நிரல் இரண்டுமே ஒழுங்கில்லாதவையாக இருக்கும் அட்டவணைதான் வரிசைப்படுத்துவதால் மிக அதிகம் பயன்பெறுவது. பிராண்டுகளும் பண்புகளும் சேர்ந்த அட்டவணை நல்ல உதாரணம். ஒவ்வொரு பண்பும் எந்தெந்தப் பிராண்டுக்குப் பொருந்தும் என்று கேட்டதாக வைத்து, சிறியதாக ஒன்று செய்துகாட்டுகிறேன். எண்கள் கற்பனை, எல்லாம் சதவீதம். வினாத்தாள் வரிசையில்:

| | அ | ஆ | இ | ஈ |
|---|---|---|---|---|
| விலை குறைவு | 20 | 48 | 8 | 44 |
| நம்பகமானது | 36 | 62 | 18 | 44 |
| புதுமையானது | 16 | 26 | 22 | 16 |
| எளிதில் கிடைப்பது | 28 | 64 | 12 | 36 |

ஆ பெரிய பிராண்டு என்பதைத் தவிர இதில் சட்டென்று ஒன்றும் தெரியவில்லை. இப்போது நிரைகளை நிரைச் சராசரியின்படியும் நிரல்களை நிரல் சராசரியின்படியும் இறக்கி அடுக்குவோம்:

| | ஆ | ஈ | அ | இ | சராசரி |
|---|---|---|---|---|---|
| நம்பகமானது | 62 | 44 | 36 | 18 | 40 |
| எளிதில் கிடைப்பது | 64 | 36 | 28 | 12 | 35 |
| விலை குறைவு | 48 | 44 | 20 | 8 | 30 |
| புதுமையானது | 26 | 16 | 16 | 22 | 20 |
| சராசரி | 50 | 35 | 25 | 15 | |

எண்கள் இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் குறைந்துகொண்டே போக வேண்டும் என்று கண் எதிர்பார்க்கிறது. எங்கே அந்த எதிர்பார்ப்பு உடைகிறதோ அங்கேதான் செய்தி. புதுமை நிரையில் இ-யின் கட்டத்தைப் பாருங்கள்: எல்லாவற்றிலும் சிறிய பிராண்டான இ, புதுமையில் 22 பெற்று ஈ, அ இரண்டையும் முந்துகிறது. விலை நிரையில் ஈ தன் 44-ஐ விட்டுக்கொடுக்காமல் நிற்கிறது. முதல் அட்டவணையிலும் இதே எண்கள்தான் இருந்தன. எதிர்பார்ப்பை உருவாக்கும் ஒழுங்கு இல்லாததால் விலகல் தெரியவில்லை.

இதற்கு மேல் ஒரு படி போகலாம். பெரிய பிராண்டு எல்லாப் பண்பிலும் அதிகம் வாங்கும், பொதுவான பண்பு எல்லாப் பிராண்டுக்கும் அதிகம் கிடைக்கும். இந்த இரண்டு விளைவையும் கழித்துவிட்டால் மிச்சம்தான் பிராண்டின் குணம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நிரைக் கூட்டுத்தொகையை நிரல் கூட்டுத்தொகையால் பெருக்கி முழுக் கூட்டுத்தொகையால் வகுத்தால் எதிர்பார்க்கும் எண் வரும். புதுமை நிரையின் கூட்டுத்தொகை 80, இ நிரலின் கூட்டுத்தொகை 60, முழுவதும் 500. ஆக எதிர்பார்ப்பு 9.6, இருப்பது 22, விலகல் +12.4. விலையில் ஈ-க்கு எதிர்பார்ப்பு 33.6, இருப்பது 44, விலகல் +10.4. நம்பகத்தில் ஆ-வுக்கு எதிர்பார்ப்பு 64, இருப்பது 62, விலகல் −2. இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கடைசி எண்தான். 62 என்ற பெரிய எண்ணைப் பார்த்து ‘ஆ-வின் பலம் நம்பகத்தன்மை’ என்று எழுதத் தோன்றும். அதன் அளவுக்கு அது சாதாரணம்தான். ஆ-வின் தனிப் பலம் எளிதில் கிடைப்பதில் இருக்கிறது, அங்கே விலகல் +8. விலகல் அட்டவணையைத் தனியாகத் தரும்போது அதன் நிரை, நிரல் வரிசை மேலே உள்ள அட்டவணையின் வரிசையாகவே இருக்கட்டும், இரண்டையும் மாறிமாறிப் பார்க்க வசதி.

இருபது பண்பு, பதினைந்து பிராண்டு என்று போனால் சராசரியின்படி அடுக்குவது போதாது. ஒத்த குணமுள்ளவை பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். இது பழைய யோசனை. எகிப்தின் பழங்காலக் கல்லறைகளை ஆராய்ந்த ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, ஒவ்வொரு கல்லறையிலும் கிடைத்த மண்பாண்ட வகைகளை அட்டைத் துண்டுகளில் குறித்து, ஒத்தவை அருகருகே வரும்படி அவற்றை மாற்றி மாற்றி அடுக்கிக் கால வரிசையைக் கண்டறிந்ததை 1899-இல் வெளியிட்டார். ஜாக் பெர்த்தின் என்ற பிரெஞ்சு வரைபடவியலாளர் 1960-களில் நிரையையும் நிரலையும் நகர்த்திப் பார்க்கும் அணி என்ற முறையாகவே இதை வளர்த்தார். இன்றைக்கு கரெஸ்பாண்டன்ஸ் அனாலிசிஸ் (ஒத்த நிரைகளுக்கும் ஒத்த நிரல்களுக்கும் நெருங்கிய மதிப்புகள் தரும் புள்ளியியல் முறை) ஓட்டி, அதன் முதல் அச்சில் கிடைக்கும் மதிப்பின்படி நிரையையும் நிரலையும் அடுக்கினால் போதும். பெரிய எண்கள் கூடியவரை மூலைவிட்டத்தை ஒட்டி வந்து சேரும். ஆர் மொழியில் சீரியேஷன் என்ற பெயரிலேயே ஒரு தொகுப்பு இருக்கிறது.

கிளஸ்டர் மரம் (ஒத்தவற்றைப் படிப்படியாக இணைத்துக்கொண்டு போகும் கிளைப்படம்) வரைந்து அதன் இலைகளின் வரிசையை எடுத்துக்கொள்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மரத்தின் ஒவ்வொரு கிளைப் பிரிவையும் இடவலமாகத் திருப்பலாம், மரம் மாறாது. பத்து உருப்படிகள் உள்ள மரத்துக்கு ஒன்பது பிரிவுகள், ஆக 512 வரிசைகள் சாத்தியம். மென்பொருள் அவற்றில் ஒன்றைத் தருகிறது. அருகருகே நிற்பவை எல்லாம் நெருங்கியவை என்று அதைவைத்துச் சொல்லிவிட முடியாது. அருகருகே நிற்பவற்றின் நெருக்கம் அதிகபட்சமாகும்படி இலைகளைத் திருப்பித் தரும் வழிமுறைகள் இருக்கின்றன, அதைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, பலர் கவனிக்காமல் விடும் ஓர் இடம். கிராஸ்டேப்களில் நிரல்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்துக் கொடுத்து, கட்டத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘சி’ என்று இருந்தால் இந்த எண் சி நிரலைவிடக் குறிப்பிடத்தக்க அளவு அதிகம் என்று காட்டுவார்கள். வித்தியாசம் தற்செயலானதா என்று பார்க்கும் இந்தச் சோதனை முடிந்த பிறகு நிரல்களை நகர்த்தித் தலைப்பில் எழுத்தைப் புதிதாக ஏ, பி, சி என்று இட்டால், கட்டங்களுக்குள் இருக்கும் எழுத்துகள் எல்லாம் பழைய நிரல்களையே சொல்லிக்கொண்டிருக்கும். சதவீதங்கள் சரி, பேஸ் சரி, முடிவு மட்டும் தப்பு. கூட்டிப் பார்த்தாலும் இது பிடிபடாது. அதனால் நிரல் வரிசையை முதலில் இறுதி செய்துவிட்டு, அதற்குப் பிறகு சோதனையை ஓட்டுங்கள். ஏற்கெனவே சோதித்த அட்டவணை மட்டும்தான் கையில் இருக்கிறது, மூலத் தரவு இல்லை என்றால் நிரல்களைத் தொடாதீர்கள். நிரைகளை மட்டும் அடுக்குங்கள். நிரை நகரும்போது அதன் எழுத்துகளும் கூடவே நகரும், அதில் ஆபத்தில்லை. சில அட்டவணைகளில் எண் ஒரு நிரையிலும் அதன் எழுத்துகள் அதற்கடுத்த நிரையிலும் இருக்கும். அப்படியானால் இரண்டு நிரைக்கும் துணை நிரல்களில் ஒரே மதிப்புகளையும் ஒரே மூல வரிசை எண்ணையும் கொடுத்து, அதற்கடுத்து எண்ணுக்கு 0, எழுத்துக்கு 1 என்று ஒரு நிலையைச் சேர்த்துவிட்டால் இரண்டும் பிரியாமல் சேர்ந்தே நகரும்.